துறைமுகத்து ஆப்பராவும் ஒரு மணி நேரக் கச்சேரியும்

சிட்னியில் இறங்கிய மறுநாள் காலை, தம்பி முரளி வீட்டில் இரண்டாவது டம்ளர் காபியைக் கையில் எடுத்தபோது மெல்பர்னிலிருந்து சிவகௌரி போன் செய்தாள்.

"அக்கா, ஒண்டு கேட்டால் கோவிக்கமாட்டீங்கள்தானே?"

இப்படி ஆரம்பிக்கிறவர்கள் கோபம் வரும்படியான ஒன்றைத்தான் கேட்பார்கள். சிவகௌரி யாழ்ப்பாணத்துப் பெண், மெல்பர்னில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாலைந்து சிநேகிதிகளோடு சேர்ந்து சின்னதாக ஒரு இசை வட்டம் நடத்துகிறாள். அடுத்த வாரம் சனிக்கிழமை அவர்களுக்காகப் பாடத்தான் நான் ஆஸ்திரேலியாவுக்கே வந்திருந்தேன். தம்பியைப் பார்ப்பது கொசுறு.

"கச்சேரி ஒரு மணித்தியாலம் போதும் அக்கா. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால என்ன பாட்டு எண்டு ரெண்டு சொல்லு சொல்லிவிடுங்கோ, நான் இங்கிலிசில சொல்லுறன். என்ர வோர்ட்டில வேலை செய்யிற ஆக்களையும் கூப்பிட்டிருக்கிறன். அவையளுக்குப் பழக்கமில்லையெல்லே."

ஒரு மணி நேரம்! முப்பது வருஷத்துக்கு மேலாகச் சென்னை சபாக்களில் பாடுகிறேன். ஒரு மணி நேரத்தில் நான் தோடி ராகத்தின் வாசற்படியைத்தான் மிதித்திருப்பேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். சென்னையில் அதற்கு மாட்டேன் என்று அர்த்தம். சிவகௌரி "நல்லது அக்கா, பெரிய உதவி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபக்காரி என்று பெயர். அந்தப் பெயரை நான் உழைத்துத்தான் வாங்கியிருக்கிறேன். ஆலாபனை நடுவில் போன் அடித்தால் பாட்டை நிறுத்திவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்திருக்கிறேன். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்கு ஓடுகிறவர்களைக்கூட மன்னித்துவிடுவேன், போண்டாவுக்கும் ஒரு நியாயம் உண்டு. எனக்குப் பொறுக்கவே பொறுக்காத ஒன்று மங்களம். கச்சேரியை முடித்துவைக்கும் அந்தச் சின்னப் பாட்டின் முதல் எழுத்தை வாயில் எடுத்தேனோ இல்லையோ, கூடமே எழுந்துவிடும். செருப்பைத் தேடுவார்கள், பையை உதறுவார்கள், ஆட்டோக்காரரிடம் வழி சொல்வார்கள். மூன்று மணி நேரம் முகங்களைப் பார்த்துப் பாடிவிட்டு, கடைசியில் முதுகுகளுக்குப் பாடவேண்டும்.

முரளியிடம் சிவகௌரியைப் பற்றிப் பொருமினேன். அவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்பவன், சமாதானப் பிரியன். "சரி விடு அக்கா. ஞாயித்துக்கிழமை உனக்கு ஆப்பரா காட்டறேன்" என்றான்.

ஆப்பரா என்றால் வசனமே இல்லாமல் முழுக் கதையையும் பாட்டாகவே நடத்தும் வெள்ளைக்காரர்களின் நாடகம். பாய்மரம் விரித்த மாதிரி இருக்கிற அந்தப் பெரிய கட்டடத்துக்குள் கூட்டிப் போகப் போகிறான் என்று சந்தோஷப்பட்டேன். அதுதான் இல்லை. துறைமுகத் தண்ணீரின் மேலேயே மேடை போட்டு, கரையில் படிப்படியாக நாற்காலி போட்டு, மைக் வைத்து, நடுவில் வாணவேடிக்கையும் விடுவார்களாம்.

"நீ முன்னாடி பாத்திருக்கியா?"

"இல்ல. ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார், வாணவேடிக்கை பிரமாதமா இருக்குமாம்."

என் தம்பிக்கு சங்கீதத்தில் இருக்கிற ருசி அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம், நம் ஊர்க் கடைகள் நிறைந்த ஹரிஸ் பார்க்குக்குப் போனோம். பாண்டி பஜாரைத் துடைத்து, குப்பைத்தொட்டி வைத்து, ஹாரனைப் பிடுங்கி எறிந்தால் ஹரிஸ் பார்க். நடைபாதையில் நின்றபடி சுடச்சுட ஜிலேபி சாப்பிட்டோம். கடைக்காரர் குஜராத்தி. எனக்குப் பக்கத்தில் ஒரு சீன இளைஞன் பானிபூரியை நாலு கடியாகக் கடித்துச் சாப்பிட முயன்று, சட்டை முழுக்கப் புளித்தண்ணீரைக் கொட்டிக்கொண்டான். கடைக்காரர் சிரிக்கவில்லை. இன்னொரு பூரியை நிரப்பி, தன் வாயையே பெரிதாகத் திறந்து காட்டி, முழுசாகப் போடச் சொன்னார். அவன் போட்டான். கண்ணில் தண்ணீர் வர, இன்னொன்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நான் செய்த முதல் தப்பு காஞ்சிபுரம் பட்டு உடுத்தியது. ஆப்பராவுக்கு மரியாதையாகப் போகவேண்டாமா? லிட்கம் ஸ்டேஷனுக்குப் போனால் ரயில் இல்லை. தண்டவாள வேலையாம், பதிலுக்கு பஸ் விட்டிருந்தார்கள். அந்த பஸ் ஊரில் உள்ள எல்லா ஸ்டேஷன் வாசலுக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தது. பக்கத்து இருக்கைப் பெண் என் புடவை ஜரிகையைத் தொட்டுப் பார்த்து, "கல்யாணத்துக்குப் போகிறீர்களா?" என்றாள். ஆப்பராவுக்கு என்றேன். "ஓ, அங்கே மழை வரும்" என்றாள். கருநாக்குப் போலிருக்கிறது, இறங்கும்போது தூற ஆரம்பித்துவிட்டது.

நுழைவாசல் வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு கிழவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இங்கிலீஷின் வேகம் எனக்குப் பிடிபடாததால் முரளி காதோடு மொழிபெயர்த்தான்.

"மைக் வைத்துப் பாடினால் அது ஆப்பராவே இல்லை. கூடத்தின் கடைசி வரிசைவரை வெறும் தொண்டை போகவேண்டும். அதற்காகத்தான் வருஷக்கணக்கில் பயிற்சி."

"மைக் இல்லாவிட்டால் இங்கே நீ கடல்புறா கத்துவதைத்தான் கேட்பாய்."

"பட்டாசு எதற்கு? பாட்டு போதாதா?"

"உனக்குப் போதும். ஊருக்குப் போதவேண்டாமா?"

சென்னையில் டிசம்பர் மாதத்துச் சபா கேன்டீனில் நான் கேட்காத ஒரு வார்த்தை இதில் இல்லை. முதல் கிழவருக்குக் கை கொடுக்கலாமா என்று பார்த்தேன். அவர் அதற்குள் ஒரு பெரிய பை சிப்ஸ் வாங்கப் போய்விட்டார்.

உள்ளே குடை விரிக்கக் கூடாது, பின்னால் இருப்பவருக்கு மறைக்குமாம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் மழைக்கோட்டு. பட்டுப் புடவைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு, பார்சல் கட்டிய இட்லி மாதிரி உட்கார்ந்தேன். எனக்கு இடது பக்கம் ஒரு வயதான அம்மாள், வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருந்தார். பெயர் பெட்டி. அவருக்கு அந்தப் பக்கம் மருமகன் டேவ். குழாய் வேலை செய்கிறவர், கழுத்தும் தோளும் ஒன்றாகிவிட்ட பெரிய உருவம்.

"எனக்கு இந்த மைக் சமாச்சாரமே பிடிக்காது. நான் அந்தக் கட்டடத்துக்குள்ளே, கூடத்தில்தான் கேட்பேன்" என்றார் பெட்டி, நான் கேட்காமலே. "இவன் கல்யாணமாகி வந்ததிலிருந்து கூப்பிடுகிறேன், வரவே மாட்டான். பட்டாசு உண்டு என்றதும் கிளம்பிவிட்டான்." டேவ் எங்களைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

எனக்குக் கதை தெரியாது என்றதும் பெட்டி என் பக்கம் சாய்ந்தார். மேடை ஓரத் திரையில் இங்கிலீஷ் ஓடியது, ஆனால் மழைத்துளியில் என் கண்ணாடி வழியே எதுவும் தெரியவில்லை. ஒரு பெண், ஒரு பக்கம் தகப்பன், மறு பக்கம் காதலன். தகப்பன் சபிக்கிறான், காதலன் கைவிடுகிறான். நம் ஊரில் நடக்காத கதையா? ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பெட்டி இரண்டே வார்த்தை சொல்வார். "இப்போது கெஞ்சுகிறாள்." "இப்போது பொய் சொல்கிறாள், அவனுக்குத் தெரியவில்லை." அதற்குப் பிறகு நான் கேட்ட பாட்டு வேறு பாட்டாக இருந்தது.

குறை சொல்ல எனக்கு நிறைய இருந்தது, மறைக்க மாட்டேன். அந்தப் பெண் மேடையின் இடது கோடியில் நின்று வாயைத் திறந்தால் குரல் வலது பக்க ஸ்பீக்கரிலிருந்து வந்தது. தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன், பாடுகிறவர் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டே போனார். தாளத்தை எங்கே தொலைத்தார்கள் என்று நானும் கூடச் சேர்ந்து தேடினேன். கல்யாணக் காட்சியில் சம்பந்தமில்லாமல் வாணவேடிக்கை வெடித்தது. அதுவரை வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த டேவ் துள்ளி எழுந்து போட்டோ எடுத்தார். என் தம்பியும்தான்.

பட்டாசு ஓய்ந்தது. பெரிய கும்பல் ஒன்று மேடையில் சேர்ந்து உரக்கப் பாடி முடித்தது, கூட்டம் கை தட்டியது. பிறகு மேடை காலியாகி, அந்தப் பெண் மட்டும் தனியாக நின்று, சின்னக் குரலில் ஏதோ ஆரம்பித்தாள். சரி, எல்லாம் முடிந்தது, மங்களம் என்று நினைத்துக்கொண்டேன். முரளி "அக்கா, கூட்டத்துக்கு முன்னாடி பஸ்ஸப் புடிச்சிரலாம்" என்றான். நானும் எழுந்தேன். குனிந்து பையை எடுத்து, காலால் செருப்பைத் துழாவினேன்.

யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். பெட்டி.

"உட்காருங்கள். இதற்காகத்தான் வந்தோம்."

பொத்தென்று உட்கார்ந்தேன். முகம் சுட்டது. ஒரு செருப்பு கிடைத்திருந்தது, ஒன்று கிடைக்கவில்லை. எந்தக் காரியத்துக்காக ஊரையே திட்டிக்கொண்டிருந்தேனோ, அதே காரியத்தைப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு சிட்னிவரை வந்து செய்திருக்கிறேன். அதுவும் எதற்கு? வேண்டுமென்றா? தெரியாமல்தானே. முடிந்தது எது, முக்கியமானது எது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பெட்டி சொன்னார்.

அந்தப் பெண் மழையில் நனைந்துகொண்டு பாடினாள். பெட்டி என் கையை விடாமலே "தகப்பனிடம் மன்னிப்புக் கேட்கிறாள், அவன் இல்லை" என்றார். நான் அழுதேன். மைக் எங்கே இருந்தது, குரல் எந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது, ஒன்றும் தெரியவில்லை. பாட்டு முடிந்து அவள் சரிந்தபோது, கூட்டம் கைதட்ட ஆரம்பிப்பதற்கு முன் ஒரு கணம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே வரும்போது டேவ் மாமியாரிடம் கேட்டார்: "அந்த அப்பன் ஏன் கடைசிவரை வரவில்லை?"

பெட்டி நின்றுவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "இத்தனை வருஷத்தில் இவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி" என்றார்.

"இனிமேல் உங்களோடு கூடத்துக்கு வருவாரா?"

"மாட்டான்!" என்று சிரித்தார். "ஆனால் வீட்டுக்குப் போகிறவரை பேச ஒன்று கிடைத்திருக்கிறது."

பையில் இருந்த தட்டைப் பொட்டலத்தை அவரிடம் கொடுத்தேன். வேறு என்ன கொடுக்கத் தெரியும் எனக்கு?

ஆனாலும் நான் சட்டென்று மாறிவிடுகிற ஜாதி இல்லை. பெட்டி என்னைப் பிடித்து உட்கார வைத்தது வாஸ்தவம். அதற்காகத் தோடியைக் கால் மணி நேரத்தில் மடித்துப் பையில் போட முடியுமா? ஆப்பராக்காரர்கள் பட்டாசு விட்டார்களே தவிர, பாட்டைக் குறைக்கவில்லை. இந்த வாதத்தைக் கூராகத் தீட்டிக்கொண்டுதான் வெள்ளிக்கிழமை மெல்பர்னில் விமானத்தை விட்டு இறங்கினேன்.

சிவகௌரி நைட் டியூட்டி முடித்த கையோடு வந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணில் தூக்கம், வாயில் சிரிப்பு. வீட்டுக்குப் போனதும் குசினி என்று அவள் சொல்லும் சமையலறைக்குள் புகுந்து இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் எடுத்து வைத்தாள். "அந்தக் கதிரையில இருங்கோ அக்கா, வடிவா சாப்பிடுங்கோ." அந்தச் சொதிக்கு நான் ஒரு ராகம் எழுதிக் கொடுப்பேன். மூன்றாவது தடவை ஊற்றிக்கொண்ட பிறகு, என் கூரான வாதம் கொஞ்சம் மழுங்கியிருந்தது.

சாயங்காலம் த பேசின் என்ற புறநகர்க் கோயிலில் பிள்ளையாரைப் பார்க்கக் காரில் கூட்டிப் போனாள். மலையடிவாரம், ஈரமான யூகலிப்டஸ் வாசனை. திரும்பும் வழியில்தான் ஆரம்பித்தேன். "சிவகௌரி, அந்த ஒரு மணி நேரம்..."

"ஓம் அக்கா, உங்களுக்கு விருப்பமில்லை எண்டு எனக்கு விளங்கினது." சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். "நான் வேலை செய்யேக்க பாட்டு முணுமுணுப்பன். மரியா எண்டு ஒருத்தி, கிரேக்கப் பொம்பிளை, அது என்ன பாட்டு, அது என்ன பாட்டு எண்டு ஒவ்வொரு நாளும் கேப்பாள். போன முறை ஒரு பெரிய வித்துவான் வந்தவர். மரியாவையும் இன்னும் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனனான். மூண்டரை மணித்தியாலம். என்ன நடக்குது, எப்ப கை தட்டுறது, எழும்பிப் போகலாமோ, ஒண்டும் அவையளுக்குத் தெரியேல்லை. பாவம், மரியா தண்ணி குடிக்கவும் பயந்துகொண்டு இருந்தவள். அதுக்குப் பிறகு அவள் என்ன பாட்டு எண்டு கேக்கிறேல்லை. நானும் முணுமுணுக்கிறதை விட்டிட்டன்."

சிக்னலில் கார் நின்றது.

"நாளைக்கும் அவையள் வருவினம் அக்கா, என்ர முகத்துக்காக. பிறகு ஒருக்கா வருவினமோ எண்டது உங்கட கையிலதான் இருக்கு."

பானிபூரிக்காரர் திறந்து காட்டிய வாய் ஞாபகம் வந்தது. பெட்டியின் பிடி கையில் இன்னும் இருந்தது. "சரி. ஒரு மணி நேரம். ஆனா தோடி பாடுவேன்" என்றேன். "ஐயோ அக்கா, தோடி எண்டால் எனக்கு உயிரெல்லே" என்று சிவகௌரி அழுதேவிட்டாள். பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் சிக்னல் பச்சையானது தெரிந்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூட ஹால் ஒன்றில் கச்சேரி. வயலின் ஒரு பல் டாக்டர், மிருதங்கம் ஒரு இன்ஜினியர், இருவரும் நல்ல ஞானஸ்தர்கள். வாசலில் வடையும் டீயும். முதல் வரிசையில் வெங்கட்ராமன் அங்கிள், மயிலாப்பூரிலிருந்து வந்து மெல்பர்னில் குடியேறிய பழைய ரசிகர். சொந்தக் குஷனோடு வந்திருந்தார். மேடை ஏறுவதற்கு முன் என்னிடம் வந்து, "நீங்களுமா இந்த பக்கோடா கச்சேரிக்கு ஒத்துண்டேள்?" என்றார். ஒரு வாரத்துக்கு முன்னால் நானே சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை. "வடை போட்டிருக்கா அங்கிள், பக்கோடா இல்ல" என்றேன்.

நடுவில் நாலைந்து வரிசைகளில் சிவகௌரியின் ஆஸ்பத்திரி. பிலிப்பைன்ஸ் பெண்கள், இரண்டு ஆஸ்திரேலியர்கள், தாடி வைத்த ஒரு வார்டு ஊழியர். மரியாவை நான் கேட்காமலே கண்டுபிடித்துவிட்டேன், தண்ணீர் பாட்டிலை மடியில் ஒளித்து வைத்திருந்தாள். முதல் காரியமாக என் டம்ளரைத் தூக்கி, அவளைப் பார்த்து ஒரு வாய் குடித்தேன். சிரித்துவிட்டு அவளும் குடித்தாள்.

தோடிக்கு முன்னால் பாட்டின் பொருளைச் சொன்னேன். கடவுளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிப்போன ஒருத்தி, உனக்குக் காது இருக்கிறதா இல்லையா என்று கேட்கிறாள். சிவகௌரி மைக்கை வாங்கி, கடைசிக் கட்டிலில் இருக்கும் நோயாளி மணியை அடித்துக்கொண்டே இருக்கிறார், யாரும் வரவில்லை, அந்தப் பாட்டு இது என்று இங்கிலீஷில் சொன்னாள். நர்ஸுகள் எல்லோரும் சிரித்தார்கள். நான் ஆலாபனையை எடுத்ததும் அந்தச் சிரிப்பு மெல்ல அடங்கியது. நாலைந்து நிமிஷத்தில் தாடிக்கார ஊழியர் முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். இந்தப் பாட்டை எத்தனையோ மேடையில் பாடியிருக்கிறேன், மணி அடிக்கிறவளை நானும் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே வரியை எடுத்துவைத்துக்கொண்டு அரை மணி நேரம் விரித்துப் பாடும் நிரவலை விட்டுவிட்டேன். தனி ஆவர்த்தனம் சொற்ப நேரத்தில் முடிந்தது, இன்ஜினியரின் முகம் வாடியதைப் பார்த்தேன். அந்த நிரவலை மறுநாள் காலை சிவகௌரியின் குசினியில் பாடித் தீர்த்தேன், அவள் சம்பலுக்குத் தேங்காய் துருவுவதை மறந்து நின்றாள். பட்டாசுக்காக வருகிறவன் எல்லாம் பாட்டுக்காக நின்றுவிடுவான் என்று எனக்கு இப்போதும் நம்பிக்கை இல்லை. வாசலைத் திறந்து வைக்கலாம், கூடவே பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை சொல்ல ஒரு ஆளும் வேண்டும்.

அன்று ஹாலில் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. சுருதியைச் சரிபார்த்துக்கொண்டு மங்களத்தை எடுத்தேன். முதல் எழுத்து வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், முதல் வரிசையில் வெங்கட்ராமன் அங்கிள் குஷனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். அவருக்குப் பக்கத்தில் நம்மவர்கள் நாலு பேர் எழுந்தார்கள், செருப்புச் சத்தம் கேட்டது. பாவம், அவர்களைக் கோபிக்க எனக்கு அன்று யோக்கியதை இல்லை. கண்ணை மூடிக்கொள்ளப் போனேன்.

நடுவரிசைகளில் ஒருவரும் அசையவில்லை.

மங்களம் என்றால் எழுந்திருக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. இன்னொரு பாட்டு என்று நினைத்து, மரியா பாட்டிலை மூடிக் கீழே வைத்துவிட்டு, கையை மடியில் கோத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். தாடிக்காரர் கண்ணை மூடியிருந்தார். ஓரத்தில் நின்ற சிவகௌரி, பழக்கத்தில் எடுத்துவிட்ட கைப்பையை மெதுவாகத் திரும்பக் கீழே வைத்தாள். வெங்கட்ராமன் அங்கிள் பாதி எழுந்த நிலையில் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு பேரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். குஷனைத் திரும்ப நாற்காலியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்தார். மற்ற நாலு பேரும் உட்கார்ந்தார்கள்.

என் எதிரில் ஒரு முதுகுகூட இல்லை.

ஒரு வரியைத் திருப்பித் திருப்பி வேறு வேறு விதமாகப் பாடுவதை சங்கதி என்போம். மங்களத்தில் யாரும் அப்படிச் சங்கதி போடுவதில்லை, கேட்க ஆள் இருந்தால்தானே? அன்றைக்கு நான் போட்டேன்.